கோடு போட்ட வக்கீல்

திருத்தணி யாருக்கு? இன்று இப்படி ஒரு கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது, தமிழ்நாட்டில் இருக்கிறது, இதிலென்ன சந்தேகம் என்பார்கள். ஆனால் 1953 அக்டோபர் முதல் தேதியிலிருந்து 1960 மார்ச்சு கடைசித் தேதி வரை, ஆறரை ஆண்டுக் காலம், அந்த மலையும் மலையடி ஊரும் ஆந்திர ராஜ்யத்தில் இருந்தன. தணிகை முருகனைக் கும்பிடப் போன சென்னைக்காரன் ராஜ்யம் விட்டு ராஜ்யம் போய்த்தான் கும்பிட்டான். கும்பிடும் வழக்கமில்லாதவன் கூட்டம் பேசப் போனாலும் ஆந்திரப் போலீசின் அனுமதி பெற்றுத்தான் பேச வேண்டியிருந்தது.

மீட்டது யார்? மேடைகளில் சில பெயர்கள் சொல்லப்படுகின்றன. தமிழரசுக் கழகத் தலைவர் ம.பொ.சிவஞானம், தமிழாசிரியர் மங்கலங்கிழார், திருத்தணி கே.விநாயகம். சொல்லப்பட வேண்டிய பெயர்கள்தான். நாமும் மரியாதையோடு சொல்லுகிறோம். கொடி வேறு என்பதற்காக ஒருவர் உழைப்பை மறைத்துப் பேசுவது நமக்குப் பழக்கமில்லை. ஆனால் இந்தப் பெயர்களோடு நான்காவதாக ஒரு பெயரும் அடிபடுகிறது: படாஸ்கர். படாஸ்கர் தீர்ப்பு என்று பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். தீர்ப்பு தெரிகிறது, ஆள் தெரியவில்லை. அது ஏதோ ஒரு கமிட்டியின் பெயர் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

கமிட்டி அல்ல, மனிதர். ஹரி விநாயக படாஸ்கர். தமிழரும் அல்ல, தெலுங்கரும் அல்ல, மராத்தியர். தொழிலால் வக்கீல். அந்த மனிதரின் கதையை நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறோம். காங்கிரஸ்காரரைப் பற்றி இந்தப் பத்தியில் என்ன பேச்சு என்று யாராவது கேட்டால், எல்லை நம்முடையது, அதைப் பற்றிய கணக்கும் நம்முடையதே என்பதுதான் நமது பதில்.

1892-ஆம் ஆண்டு மே 15-ஆம் தேதி புனா ஜில்லாவில் இந்தாபூரில் பிறந்தார். புனாவில் பெர்குசன் கல்லூரியில் படித்தார். பம்பாயில் சட்டம் படித்தார். பிறகு பம்பாய் ஐகோர்ட்டின் பளபளப்பை நாடி நிற்காமல், வடக்கே கான்தேஷ் பகுதியில் வக்கீல் தொழில் நடத்தினார். கான்தேஷ் பருத்திச் சீமை. கரிசல் மண், கடன்பட்ட குடியானவன், வட்டிக்கடைக்காரன், ஜின்னிங் ஆலை. நம் கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்தை நினைத்துக்கொண்டால் போதும்.

மொபசல் கோர்ட்டு வக்கீலின் தொழில் எப்படிப்பட்டது என்பது நம் தோழர்களுக்குத் தெரியாததா? வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, பாகப் பிரிவினை, அடமானம், ஜப்தி. அண்ணன் வரப்பைத் தம்பி ஒரு சாண் தள்ளிப் போட்டான் என்று வழக்கு வரும். அங்கே பேச்சுத் திறமை பாதிதான் பலிக்கும். சர்வே நம்பர் என்ன, பட்டா யார் பேரில், கர்ணம் கணக்கு என்ன சொல்லுகிறது, அளந்தால் எத்தனை கெஜம் வருகிறது என்பதில்தான் கேஸ் நிற்கும். இந்தத் தொழிலில் ஊறியவனுக்கு ஒரு குணம் படியும். உரத்துப் பேசுகிறவனைப் பார்த்து மிரள மாட்டான். அளவுச் சங்கிலி எங்கே என்று கேட்பான். படாஸ்கரின் பிற்காலக் காரியங்களைப் பார்க்கும்போது இந்த மொபசல் வக்கீலின் குணம் அவரை விட்டுப் போகவேயில்லை என்று நமக்குத் தோன்றுகிறது.

ஒத்துழையாமைக் காலத்தில் காங்கிரசில் சேர்ந்தார். பம்பாய்ச் சட்டசபைக்குப் போனார். அரசியல் நிர்ணய சபையில் பம்பாய் மாகாணத்தின் உறுப்பினராக உட்கார்ந்தார். 1952 பொதுத் தேர்தலில் ஜல்காவ் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குப் போனார். இவையெல்லாம் அந்தத் தலைமுறைக் காங்கிரஸ் வக்கீல் எவருக்கும் இருக்கக்கூடிய படிகள். வக்கீல்களுக்கு ஒரு சௌகரியம்; கோர்ட்டிலும் கட்சிக்காரர்தான், வெளியிலும் கட்சிக்காரர்தான்!

1950-களின் நடுவில் நேரு மந்திரி சபையில் சட்ட விவகார மந்திரியானார். இங்கேதான் அவர் கதை சூடு பிடிக்கிறது.

இந்து சட்டத் திருத்தம் என்ற பெரிய மசோதா ஒன்றை டாக்டர் அம்பேத்கர் கொண்டு வந்ததும், சனாதனிகள் கொதித்தெழுந்ததும், மசோதா நிறைவேறாமல் முடங்கியதும், 1951 செப்டம்பரில் அம்பேத்கர் மந்திரி பதவியை உதறிவிட்டு வெளியேறியதும் நமக்கெல்லாம் தெரிந்த வரலாறு. அதன் பிறகு அந்த ஒரே மசோதாவை நாலாக வெட்டினார்கள். கல்யாணம் தனி, வாரிசுரிமை தனி, மைனர் பாதுகாப்பு தனி, தத்தும் ஜீவனாம்சமும் தனி. 1955-இலும் 1956-இலும் நாலும் ஒவ்வொன்றாகச் சட்டமாயின. லோக் சபையில் கல்யாணச் சட்டத்தையும் வாரிசுரிமைச் சட்டத்தையும் கையில் பிடித்துக் கரை சேர்த்த மந்திரி படாஸ்கர்தான்.

கரை சேர்த்தார், சரி. என்ன சரக்கைக் கரை சேர்த்தார்? ஒருவனுக்கு ஒருத்தி என்பது நாடு முழுவதும் இந்துக்களுக்குச் சட்டமாயிற்று. விவாகரத்து சட்டமாயிற்று. கணவன் இறந்தபின் விதவைக்குக் கிடைத்த சொத்து அவள் ஆயுளோடு சரி, விற்க முடியாது, எழுதி வைக்க முடியாது என்றிருந்த பழைய கட்டு அறுந்தது; அவள் கைக்கு வந்த சொத்து அவளுக்கே முழுச் சொத்து என்றாயிற்று. தகப்பன் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளும் மகனோடு சமமாகப் பங்கு பெறலாம் என்றாயிற்று. இவை சின்னக் காரியங்கள் அல்ல. பல வீடுகளில் கண்ணீரைத் துடைத்த காரியங்கள்.

ஆனால் மிதாட்சரம் என்ற பழைய சட்டத்தின்படி கூட்டுக் குடும்பச் சொத்தில் ஆண் பிள்ளைக்குப் பிறப்பாலேயே இருந்த உரிமை அப்படியே விடப்பட்டது. பெண்ணுக்கு அது இல்லை. அந்தக் குறையை முதலில் தீர்த்த ராஜ்யங்களில் நம்முடையதும் ஒன்று. 1989-இல் தமிழ்நாட்டில் திருத்தம் வந்தது. நாடு முழுவதற்கும் வர 2005 ஆயிற்று. அம்பேத்கர் கேட்டதில் எவ்வளவு கொடுத்தால் சபையில் ஓட்டு விழும் என்று பார்த்து அவ்வளவு கொடுத்தார்கள். வக்கீல் புத்தி. கேஸ் முழுவதும் தோற்பதை விட ராஜிக்குப் போவது மேல் என்ற புத்தி.

கல்யாணச் சட்டத்தில் நம் இயக்கத்தாருக்கு நேராகவே ஒரு அடி விழுந்தது. சடங்கு வேண்டும், இரு தரப்பில் ஒரு தரப்பின் வழக்கப்படியாவது சடங்கு நடந்திருக்க வேண்டும் என்றது அதன் ஏழாவது பிரிவு. ஐயர் இல்லாமல், அக்கினி இல்லாமல், மாலை மாற்றிக்கொண்டு கல்யாணம் செய்துகொண்ட ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களுக்கு அங்கே இடமில்லை. 1953-இலேயே சென்னை ஐகோர்ட்டு, சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பு வெளிவந்து இரண்டு வருஷத்திற்குள் புதுச் சட்டம் எழுதுகிறார்கள். ஒரு வரி சேர்த்திருந்தால் அந்த வீடுகளின் தலைமேல் தொங்கிய கத்தி அகன்றிருக்கும். சேர்க்கவில்லை. 1967-இல் அண்ணாவின் மந்திரி சபை வந்துதான் ஏழுக்குப் பக்கத்தில் ஏழு-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. முன்பு நடந்த கல்யாணங்களும் செல்லும் என்றது. திருத்தணியைக் கொடுத்தவர் என்பதற்காக இந்தக் கணக்கை நாம் மறைக்கப் போவதில்லை.

இனி எல்லைக்கு வருவோம்.

திருத்தணி பழைய காலத்தில் கார்வேட்டி நகர் ஜமீனில் சேர்ந்தது. வட ஆர்க்காடு ஜில்லாவில் இருந்தது. 1911-இல் வெள்ளைக்கார சர்க்கார் சித்தூர் என்று புது ஜில்லா ஒன்றை உண்டாக்கியது. வட ஆர்க்காட்டிலிருந்து கொஞ்சம், கடப்பையிலிருந்து கொஞ்சம் வெட்டி ஒட்டினார்கள். கலெக்டர்களின் சௌகரியத்துக்காகப் போட்ட கோடு அது. எல்லாம் ஒரே சென்னை மாகாணம்தானே, இந்த ஜில்லாவில் இருந்தால் என்ன, அந்த ஜில்லாவில் இருந்தால் என்ன என்று அன்று யாரும் பெரிதாக எண்ணவில்லை. நாற்பது வருஷம் கழித்து அந்த ஜில்லாக் கோடே ராஜ்யக் கோடாகி விட்டது.

1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாவிரதம் இருந்து உயிர் விட்டார். ஆந்திர ராஜ்யம் அமைக்கப்படும் என்று டில்லி இறங்கி வந்தது. 1953 மார்ச்சில் நேரு பார்லிமெண்டில் திட்டத்தை அறிவித்தபோது சென்னைப் பட்டணம் தமிழருக்கு என்பது உறுதியாயிற்று. ஆனால் சித்தூர் ஜில்லா முழுசாக ஆந்திரத்துக்கு என்றாயிற்று. எல்லையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொன்னார்கள். சர்க்கார் பிறகு பார்க்கலாம் என்று சொன்னால் அதன் பொருள் என்ன என்பதைத் தொழிற்சங்கத் தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

தொல்காப்பியத்தின் பாயிரமே தமிழ் கூறும் நாட்டுக்கு வடக்கெல்லை வேங்கடம் என்று சொல்லுகிறது என்று ஒரு பக்கம் வாதம். சென்னையே எங்களுக்கு வேண்டும் என்று மறுபக்கம் வாதம். திருத்தணியில் மறியல், தடை உத்தரவு, கைது. 1953-இல் ம.பொ.சி. அங்கே கைதானார். ஊர் ஊராகப் போய்த் தமிழ் கற்றுக்கொடுத்து, அந்த வட்டாரத்தில் தமிழ் எழுத்து மறையாமல் காத்த மங்கலங்கிழார் அந்த வருஷமே மறைந்தார். தாம் கேட்ட எல்லையை அவர் பார்க்கவில்லை. பெயர் தெரியாத எத்தனையோ நெசவாளிகளும் குடியானவர்களும் சிறைக்குப் போனார்கள்.

1955-இல் ராஜ்யச் சீரமைப்புக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. நாடு முழுவதையும் துண்டு போட்டுச் சேர்த்த கமிஷன் இந்த எல்லையை மட்டும் தீர்த்து வைக்கவில்லை. இரண்டு ராஜ்யங்களும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. இங்கே காமராசர் மந்திரி சபை, அங்கே காங்கிரஸ் மந்திரி சபை. பேசினார்கள். முடியவில்லை. கடைசியில் ஒரு மூன்றாம் மனிதரை வைத்துத் தீர்ப்போம், அவர் சொன்னதை ஏற்போம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அந்த மூன்றாம் மனிதராக வந்தவர்தான் சட்ட விவகார மந்திரி படாஸ்கர்.

அவர் செய்த முக்கியமான காரியம், கோடு போடுவதற்கு முன் அளவுகோலைச் சொன்னதுதான். இதை நம் தோழர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். ஏனென்றால் முழு வழக்கும் இதில்தான் இருந்தது.

எதை ஒரு துண்டாக எடுத்துக்கொண்டு எண்ணுவது? ஜில்லாவை ஒரு துண்டாக எடுத்து எண்ணினால், சித்தூர் ஜில்லாவில் தெலுங்கர் அதிகம். அவ்வளவுதான், திருத்தணித் தமிழன் அந்தக் கூட்டல் கணக்கில் மூழ்கிப் போவான். தாலுகாவை ஒரு துண்டாக எடுத்தால் முடிவு வேறு மாதிரி வரும். பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் வடகோடித் தெலுங்கு ஊர்கள் நம் பக்கம் மூழ்கிப் போகும். எந்தத் துண்டு தனக்கு லாபமோ அந்தத் துண்டே இயற்கையானது, சரித்திர பூர்வமானது என்று இரண்டு பக்கமும் வாதாட முடியும். வாதாடவும் செய்தார்கள்.

படாஸ்கர் சொன்னது: கிராமமே துண்டு. ஒவ்வொரு கிராமமாக எடு. அந்தக் கிராமத்தில் எந்த மொழி பேசுவோர் பெரும்பான்மை என்று குடிமதிப்புக் கணக்கைப் பார். தமிழர் அதிகமென்றால் சென்னைக்கு, தெலுங்கர் அதிகமென்றால் ஆந்திரத்துக்கு. ஆனால் அந்தக் கிராமம் தன் மொழி ராஜ்யத்தோடு நிலத்தால் ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் வேறு மொழி ஊர்கள் சூழ்ந்து தீவு போல நின்றால், அதற்காக ராஜ்யத்தை ஓட்டை ஓட்டையாக்க முடியாது.

இரண்டாவது நிபந்தனை ஏன் என்று கேட்கலாம். பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் நெசவாளித் தோழர்களிடம் கேட்டால் சொல்லுவார்கள். அந்த வட்டாரத்தில் ஒரே தெருவில் தமிழ் வீடும் உண்டு, தெலுங்கு வீடும் உண்டு. ஒரே வீட்டில் மாமியார் ஒரு மொழி, மருமகள் ஒரு மொழி என்பதும் உண்டு. தறியில் தமிழ் பேசி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவனை எந்தப் பக்கம் எழுதுவது? இப்படிக் கலந்து கிடக்கிற சீமையில் ஒட்டுதலைப் பார்க்காமல் வெறும் எண்ணிக்கையைப் பார்த்துக் கோடு போட்டால், பூச்சி அரித்த வேட்டி போலத்தான் படம் இருக்கும். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு எவனும் தாசில் நடத்த முடியாது.

அளவுகோலைப் பொதுவாக வைத்து விட்டதால், அது இரண்டு பக்கமும் வெட்டியது. இதைத்தான் நம் மேடைகளில் நாம் அதிகம் சொல்வதில்லை. திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதியும் பள்ளிப்பட்டு வட்டாரமும் நமக்கு வந்தன. ஏறத்தாழ 405 சதுர மைல். அதே அளவுகோலால் செங்கற்பட்டு ஜில்லாவின் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களிலிருந்து சத்தியவேடு வட்டாரமும், சேலம் ஜில்லாவின் வடகோடியில் சில கிராமங்களும் நம்மிடமிருந்து போயின. ஏறத்தாழ 326 சதுர மைல். திருப்பதி வரவில்லை. காளத்தி வரவில்லை. சித்தூர் வரவில்லை. திருத்தணிக்குப் பக்கத்திலேயே இருக்கிற நகரி வரவில்லை. வேங்கடம் கேட்டுப் போனவர்கள் தணிகையோடு திரும்பினார்கள் என்று அன்று மனம் நொந்தவர்கள் உண்டு.

நொந்ததில் குற்றமில்லை. ஆனால் கேட்டுப் பார்ப்போம்: பாயிரத்தை வைத்து வழக்காடியிருந்தால் ஒரு கிராமமாவது வந்திருக்குமா? பாயிரத்துக்கு எதிராக அவர்கள் ஒரு சாசனத்தைக் காட்டுவார்கள். சாசனத்துக்கு எதிராக நாம் இன்னொரு கல்வெட்டைக் காட்டுவோம். பழைய ராஜாக்களின் படையெடுப்புகளை வைத்து இன்றைய குடியானவன் எந்தத் தாலுகாக் கச்சேரிக்குப் போய் வரி கட்டுவது என்று முடிவு செய்ய முடியுமா? அங்கே இன்று யார் குடியிருக்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்ற கேள்விதான் ஏழைக்கு உபயோகமான கேள்வி. மனு எழுதினால் புரிகிற மொழியில் பதில் வருமா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் எந்த மொழி, கோர்ட்டில் வாக்குமூலத்தை எந்த மொழியில் எழுதிக்கொள்வார்கள் என்பதற்குத்தானே மொழிவாரி ராஜ்யம் கேட்டோம்?

போராட்டத்தால் வந்ததா, படாஸ்கரால் வந்ததா என்று ஒரு பட்டிமன்றம் நடத்துகிறார்கள். மறியல் நடந்திராவிட்டால் பிறகு பார்க்கலாம் என்ற கோப்பு டில்லியில் இன்றைக்கும் தூசி படிந்து கிடக்கும்; வழக்கு விசாரணைக்கே வந்திராது. விசாரணைக்கு வந்த பிறகோ, கோஷத்தின் உரப்பு உதவவில்லை. கிராமக் கணக்குத்தான் உதவியது.

1957-இல் தீர்ப்பு வந்தது. ஆனால் இந்த நாட்டில் ஒரு ராஜ்யத்தின் எல்லையை மாற்ற பார்லிமெண்டு சட்டம் போட வேண்டும். இரண்டு சட்டசபைகளின் கருத்தைக் கேட்க வேண்டும். தொகுதிகளை மாற்ற வேண்டும். நிலுவையில் இருக்கும் வழக்குகள் எந்த ஐகோர்ட்டுக்குப் போகும், கடன் யாருக்கு, சொத்து யாருக்கு என்று எழுத வேண்டும். ஆந்திரப் பிரதேசம், சென்னை எல்லை மாற்றச் சட்டம் 1959-இல்தான் நிறைவேறியது. 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்து செங்கற்பட்டு ஜில்லாவில் சேர்ந்தது.

அதே 1960-இல், சரியாக ஒரு மாதம் கழித்து மே முதல் தேதி, மகாராஷ்டிர ராஜ்யம் பிறந்தது. இங்கேதான் படாஸ்கர் என்ற மனிதரைப் பற்றி நமக்கு ஒரு வருத்தம் இருக்கிறது.

அவர் தமிழனுக்கும் தெலுங்கனுக்கும் மொழிக் கணக்குப் பார்த்துக் கொடுத்த அதே காலத்தில், அவருடைய சொந்த மராத்தி மக்கள் பம்பாயோடு கூடிய மகாராஷ்டிரம் கேட்டு வீதியில் நின்றார்கள். துப்பாக்கிச் சூட்டில் நூறு பேருக்கு மேல் விழுந்தார்கள். அதில் ஆலைத் தொழிலாளர்கள் பலர். டில்லி பம்பாயைத் தர மறுத்தது. அதைக் கண்டித்து நிதி மந்திரி சி.டி.தேஷ்முக் 1956-இல் ராஜினாமா செய்து வெளியே வந்தார். படாஸ்கர் வரவில்லை. மந்திரி நாற்காலியிலேயே இருந்தார். மொழியைப் பார், மக்களைப் பார், கிராமத்தைப் பார் என்று சித்தூரில் சொன்ன மனிதர், பம்பாய் விஷயத்தில் தம்முடைய சர்க்காரின் முடிவுக்குக் கட்டுப்பட்டு நின்றார். வக்கீல், கட்சிக்காரரை மீறவில்லை!

1957 ஜூனில் அவரை மத்தியப் பிரதேசத்துக்குக் கவர்னராக அனுப்பினார்கள். அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர் ஆந்திரத் தலைவர் பட்டாபி சீதாராமையா. 1949-இல் நேரு, படேல், பட்டாபி மூவர் கமிட்டி, சென்னைப் பட்டணத்தின் மேல் உரிமை கோருவதை விட்டால் ஆந்திரம் அமைக்கலாம் என்று சொல்லியது. அந்த மூவரில் ஒருவர். சென்னையை விடச் சொன்ன ஆந்திரர் இறங்கிய நாற்காலியில், திருத்தணியை விடச் சொன்ன மராத்தியர் ஏறினார்! 1965 வரை அங்கே கவர்னர். இடையில் 1963-இல் பத்ம விபூஷண். கவர்னர் வேலையைப் பற்றி எழுத அதிகமில்லை. கையெழுத்தும் கொடியேற்றமும் எல்லாக் கவர்னருக்கும் பொது.

போபாலிலிருந்து இறங்கியதும் மறுபடியும் எல்லை வேலை வந்தது. இந்த முறை அஸ்ஸாம். 1960-இல் அஸ்ஸாம் சட்டசபை அஸ்ஸாமிய மொழியை ஆட்சி மொழியாக்கிச் சட்டம் செய்தது. காரோ, காசி, ஜயந்தியா மலை மக்கள், எங்கள் மேல் உங்கள் மொழியைத் திணிக்காதே, எங்களுக்குத் தனி ராஜ்யம் கொடு என்று எழுந்தார்கள். 1965-இல் மத்திய சர்க்கார் படாஸ்கர் தலைமையில் மலைப் பகுதிக் கமிஷனை அமைத்தது. ஆனால் இங்கே அளவுகோலை அவர் கையில் கொடுக்கவில்லை. அஸ்ஸாமுக்குள்ளேயே இருந்துகொண்டு எவ்வளவு சுயாட்சி தரலாம் என்று மட்டும் பார்க்கச் சொன்னார்கள். பிரியலாமா கூடாதா என்பது அவர் முன் வைக்கப்படவே இல்லை. அவரும் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதினார். 1966-இல் அறிக்கை வந்தது. மலை மக்களின் தலைவர்கள் அதை வேண்டாமென்று தள்ளினார்கள். சித்தூரில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு அழைத்த மனிதரின் சொல் நின்றது. அஸ்ஸாமில் ஒரு தரப்பின் கோரிக்கையை வாசலிலேயே நிறுத்திவிட்டு உட்கார்ந்த கமிஷனின் சொல் நிற்கவில்லை. ஆள் ஒருவர்தான்.

அதற்குள் அவருடைய சித்தூர் அளவுகோல் அவர் கையை விட்டு வேறு ஊருக்குப் போயிருந்தது. 1956-இல் பெல்காமும் சுற்று வட்டாரமும் மைசூரோடு சேர்க்கப்பட்டன. அங்கே மராத்தி பேசுவோர் ஏராளம். மகாராஷ்டிரம் என்ன கேட்டது? படாஸ்கர் ஆந்திரத்துக்கும் சென்னைக்கும் செய்தபடி எங்களுக்கும் செய். கிராமத்தைத் துண்டாக எடு. மொழிப் பெரும்பான்மையைப் பார். ஒட்டியிருக்கிறதா என்று பார். திருத்தணிக்குப் போட்ட கணக்கைப் பெல்காமுக்குப் போடு என்றார்கள். 1966-இல் முன்னாள் பிரதம நீதிபதி மகாஜனை வைத்துக் கமிஷன் அமைத்தார்கள். 1967-இல் அவர் கொடுத்த அறிக்கை அந்த அளவுகோலை அப்படியே ஏற்கவில்லை. பெல்காம் நகரம் மைசூரிலேயே இருக்கட்டும் என்றது. மகாராஷ்டிரம் அறிக்கையை ஏற்க மறுத்தது. 2004-இல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மராத்தி வக்கீல் தமிழனுக்குப் பயன்படச் செய்த அளவுகோல் மராத்தியனுக்குப் பயன்படவில்லை.

திருத்தணியில் கோடு விழுந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆடிக் கிருத்திகைக்கு நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் தெலுங்கு பேசும் காவடிகள் இன்றும் வருகின்றன. டிசம்பர் 31-ஆம் தேதி இரவு படித் திருவிழாவில் 365 படியிலும் கற்பூரம் எரிகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளும், அந்தப் பக்கம் தமிழ் பேசும் வீடுகளும் அப்படியேதான் இருக்கின்றன. கிராமக் கணக்கில் ஐம்பதுக்குக் கீழே போனவர்கள் அவர்கள். 2006-இல் தமிழ் கட்டாயப் பாடமானபோது, எங்கள் மொழியும் வேண்டும் என்று இந்தப் பக்கத்துத் தெலுங்குப் பிள்ளைகள் கேட்டார்கள். அந்தப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நாம் என்ன கேட்போமோ அதைத்தான் அவர்கள் கேட்டார்கள். அதைப் புரிந்துகொள்ளாமல் வடக்கெல்லைப் பெருமை பேசுகிற தோழர்கள் பொதட்டூர்ப்பேட்டைத் தறிக் கொட்டகையில் ஒரு நாள் உட்கார்ந்து வரட்டும்.

படாஸ்கர் கடைசிக் காலத்தில் புனா பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். 1970 பிப்ரவரி 21-ஆம் தேதி, எழுபத்தெட்டாவது வயதில் இறந்தார். அந்த மலை மக்களுக்கு, அவர் இறந்த நாற்பதாவது நாள், 1970 ஏப்ரல் 2-ஆம் தேதி, அஸ்ஸாமுக்குள்ளேயே மேகாலயம் என்ற சுயாட்சி ராஜ்யம் கிடைத்தது. 1972 ஜனவரியில் அது முழு ராஜ்யமாயிற்று.